தொடைக் கட்டிக்கு எதற்கு ஆறு டாக்டர்? தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பச்சிக்கு, அதாவது தம்பியின் அப்பாவுக்கு, 59 வயது, சர்க்கரை உண்டு. வலது தொடையின் முன்பக்கத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு கட்டி. வலி கிடையாது. இப்போது உள்ளங்கையில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. உள்ளூரில் பார்த்த சர்ஜன், "கொழுப்புக்கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்" என்றிருக்கிறார். மதுரையில் எம்ஆர்ஐ எடுத்த இடத்தில், "சார்கோமாவாக இருக்கலாம், யாரும் கத்தி வைக்க வேண்டாம், டியூமர் போர்டில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்றிருக்கிறார்கள். சார்கோமா என்றால் சதையிலோ எலும்பிலோ வருகிற ஒரு வகைப் புற்றுநோய். டியூமர் போர்டு என்றால் ஐந்தாறு துறை டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற கூட்டம். ஒரு கட்டிக்கு எதற்கு ஆறு டாக்டர்? காலை எடுத்துவிடுவார்களா? சொந்தத்தில் ஒரு பையனுக்கு முழங்கால் எலும்பில் வந்தபோது முதலில் கீமோ கொடுத்தார்களே, அப்பச்சிக்கு மட்டும் ஏன் ரேடியேஷன் பேச்சு? தையில் அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணச் சாந்தி வைத்திருக்கிறோம், அது முடிந்த பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? இவைதான் தம்பியின் கேள்விகள்.

எனக்கும் ஊர் பள்ளத்தூர்ப் பக்கம்தான். வேலை பேத்தாலஜி. நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம், அவர் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பிழைப்பு. நீங்கள் கேட்கும் அந்த டியூமர் போர்டு கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஸ்லைடு காட்டுகிற ஆள் நான். அதனால் என் பதிலில் பயாப்சி, அதாவது துணுக்கு எடுத்துச் சோதிப்பது, பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பச்சியின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே இது சார்கோமாதான் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மதுரையில் சொன்ன முறை சரி. அந்த அரை மணி நேர ஆபரேஷனுக்கு மட்டும் இப்போது போகாதீர்கள்.

உள்ளூர் சர்ஜன் மேல் கோபப்படவும் வேண்டாம். உடம்பில் வருகிற சதைக்கட்டிகளில் சாதாரணமானவை நூறு என்றால் சார்கோமா ஒன்று வந்தாலே அதிகம். பெரியவர்களுக்கு வருகிற புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுதான் இது. ஒரு சிறிய ஊரில் முப்பது வருடம் பிராக்டிஸ் செய்கிறவர் மொத்தமே ஒன்றிரண்டு பார்த்திருப்பார். அந்த ஒன்று கொழுப்புக்கட்டி வேஷத்தில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரிவது கஷ்டம். இதற்காகவே உலகம் முழுவதும் சில எளிய எச்சரிக்கைக் குறிகளை வைத்திருக்கிறார்கள்: 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, வளர்ந்துகொண்டே போகிற கட்டி, தோலுக்கு அடியில் நழுவாமல் தசைக்குள் ஆழமாக இருக்கிற கட்டி, ஒருமுறை எடுத்தும் அதே இடத்தில் திரும்ப வந்த கட்டி. இதில் எந்த ஒன்று இருந்தாலும், கத்திக்கு முன் படம் எடுக்க வேண்டும். அப்பச்சிக்கு இரண்டாவது இருக்கிறது. நீங்கள் சொல்கிற அளவைப் பார்த்தால் முதலாவதும் இருக்கிறது. வலி இல்லையே என்று நம் ஊரில் எல்லோரும் நிம்மதிப்படுவார்கள். சதையில் வருகிற சார்கோமா பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று ஓடிவிடுகிறது.

சரி, எடுத்துவிட்டுத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. சார்கோமா வளரும்போது சுற்றியிருக்கிற சதையை அழுத்தித் தள்ளிக்கொண்டே வளரும். அழுத்தப்பட்ட அந்தச் சதை ஓர் உறை மாதிரித் தெரியும். திறந்து பார்க்கிற சர்ஜனுக்குக் கட்டி அழகாகப் பிரிந்து வரும், விரலாலேயே எடுத்துவிடலாம். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த உறை பொய் உறை. அதற்குள்ளும் அதற்கு வெளியிலும் செல்கள் இருக்கும். கட்டி வந்துவிடும், நோய் உள்ளேயே இருக்கும். இப்படி எடுத்த பிறகு எங்களிடம் வந்து, அதே இடத்தை மறுபடி அகலமாக வெட்டி எடுக்கும்போது, பலருக்கு மிச்சக் கட்டியை நான் ஸ்லைடிலேயே பார்க்கிறேன்.

நம் ஊர் வீட்டை வைத்துச் சொன்னால் புரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று சுவர் போட்டுப் பிரித்திருக்கிறோம் அல்லவா, தொடைக்குள்ளும் முன்கட்டு, உள்கட்டு, பின்கட்டு என்று தசைகளைப் பிரிக்கிற கெட்டியான சவ்வுச் சுவர்கள் உண்டு. சார்கோமா கூடியவரை தான் பிறந்த கட்டிலேயே இருக்கும், அந்தச் சுவரைத் தாண்ட அதற்கு நாளாகும். அவசரமாகத் திறக்கிற கத்தி அந்தச் சுவரைத் திறந்துவிடுகிறது. கசிகிற ரத்தம் செல்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு கட்டில் முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன் பிறகு இரண்டு கட்டுக்கும் செய்ய வேண்டியதாகிறது. சிலருக்குக் காலைக் காப்பாற்றுகிற வாய்ப்பே போய்விடுகிறது.

ஊரில் "கத்தி பட்டால் பரவிடும்" என்று ஆச்சிமார் சொல்வதை டாக்டர்கள் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவார்கள். நான் முழுக்கத் தள்ளமாட்டேன். தப்பான இடத்தில் தப்பான விதமாகப் பட்ட கத்தியால் கெட்டது நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் ஹென்றி மேன்கின் என்ற எலும்பு மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1982லும், பிறகு 1996லும் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஆய்வில் 597 நோயாளிகள். அவர்களில் 100க்கு 3 பேருக்கு, பயாப்சியைச் சரியாகச் செய்யாத ஒரே காரணத்தால், தேவையில்லாமல் கையையோ காலையோ எடுக்க நேர்ந்தது. சிகிச்சை செய்யப்போகிற பெரிய இடத்தில் செய்யாமல், அனுப்பி வைத்த சின்ன இடத்திலேயே பயாப்சி செய்தபோது தவறுகள் பல மடங்கு அதிகமாக இருந்தன. ஆனால் ஆச்சிமார் சொல்வதைப் பிடித்துக்கொண்டு ஊசி பயாப்சிக்கே பயந்துவிடக் கூடாது. முறையாக எடுத்தால் அது பாதுகாப்பானது. அது இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது.

முறையாக என்றால் எப்படி? முதலில் எம்ஆர்ஐ, பிறகுதான் பயாப்சி. வரிசை மாறினால் பயாப்சியால் வந்த ரத்தக்கசிவு படத்தில் கட்டி மாதிரித் தெரிந்து குழப்பும். நீங்கள் எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது, நல்லது. அடுத்தது கோர் பயாப்சி. தடித்த ஊசியால், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே, கட்டியிலிருந்து நான்கைந்து நீளத் துணுக்குகள் எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சுகிற எஃப்என்ஏசி போதாது. அதில் தனித்தனி செல்கள்தான் வரும், அவை எப்படி அடுக்கியிருக்கின்றன என்று தெரியாது. அந்த அடுக்கு தெரியாமல் எந்த வகை, எத்தனை வீரியம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசி எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதைப் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜன்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் ஊசி போன பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுப்பது வழக்கம். சர்ஜன் தொடையின் நீளவாக்கில் போடப்போகிற கோட்டின் மேலேயே அந்த ஊசித்துளை இருக்க வேண்டும். ஒரு ஊசி குத்துவதற்கே மூன்று டாக்டர் பேச வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா? உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

துணுக்கு என்னிடம் வந்ததும் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ரிப்போர்ட் ஏன் லேட்டாகிறது என்று எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். சார்கோமா என்பது ஒரு நோயே அல்ல. எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் அதற்குள் இருக்கின்றன. கொழுப்பு, தசை, நரம்பு உறை, ரத்தக்குழாய், எலும்பு, குருத்தெலும்பு என்று எதிலிருந்தும் வரும். சாதாரண சாயம் போட்டுப் பார்த்தால் பாதி வகைகள் ஒன்று போலவே இருக்கும், நீளநீளமான செல்கள். அதனால் அடுத்த கட்டமாக இம்யூனோ சாயங்கள் போடுகிறோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு புரதத்தைக் காட்டிக்கொடுக்கும். சில வகைகளுக்கு அதுவும் போதாது, மரபணு வரை போக வேண்டும். சைனோவியல் சார்கோமா என்றால் எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருக்கும். ஈவிங் சார்கோமா என்றால் பெரும்பாலும் 11ம் 22ம். கொழுப்புக்கட்டியா, கொழுப்புச் சார்கோமாவா என்ற சந்தேகத்துக்கு எம்டிஎம்2 என்ற மரபணு எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். இதெல்லாம் முடிய ஒரு வாரம், பத்து நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். காத்திருங்கள், அந்த நாட்களால் நஷ்டம் இல்லை.

இத்தனை செய்தும் எங்களுக்குள்ளேயே கருத்து மாறும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் சார்கோமா ஸ்லைடுகளை அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்டுகள் மறுபடி பார்த்தபோது, முதல் ரிப்போர்ட்டில் 100க்கு 40க்கும் மேல் ஏதாவது ஒரு மாற்றம் வந்தது. சிலதில் சின்ன மாற்றம், சிலதில் நோயே வேறு. ஆகவே செகண்ட் ஒப்பீனியன் கேட்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. உங்கள் கையில் இருக்க வேண்டியது ரிப்போர்ட் காகிதம் மட்டுமல்ல. ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். பிளாக் இருந்தால்தான் அடுத்த இடத்தில் புதிதாகச் சாயம் போட முடியும், இல்லாவிட்டால் அப்பச்சிக்கு மறுபடி ஊசி. பிளாக்கைக் கார் டேஷ்போர்டில் வெயிலில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும். நம் சித்திரை வெயிலுக்கு அது நடக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: வெட்டி எடுத்த எந்தக் கட்டியையும், எத்தனை சாதாரணமாகத் தெரிந்தாலும், ஃபார்மலின் என்ற, சதையைக் கெடாமல் காக்கிற திரவத்தில் போட்டு டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சலைனில் போட்டு இரண்டு நாள் கழித்து வருகிறவை அழுகிப் போயிருக்கும். குப்பையில் போட்டுவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இனி அந்த ஆறு பேர். எம்ஆர்ஐ பார்க்கிற ரேடியாலஜிஸ்ட், கட்டி ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறதா, நரம்பைச் சுற்றியிருக்கிறதா, எலும்பைத் தொடுகிறதா என்று சொல்வார். நான் வகையும் வீரியமும் சொல்வேன். வீரியத்தை 1, 2, 3 என்று மூன்று படியாகப் பிரிக்கிறோம். செல் எத்தனை உருமாறியிருக்கிறது, எத்தனை வேகமாகப் பிரிகிறது, கட்டிக்குள் எத்தனை பங்கு செத்திருக்கிறது என்ற மூன்றையும் கூட்டித்தான் அந்த எண் வரும். ஆபரேஷன் செய்கிற புற்றுநோய் சர்ஜன் எதை விடலாம், எதை எடுக்க வேண்டும் என்பார். ரேடியேஷன் டாக்டர், ரேடியேஷன் ஆபரேஷனுக்கு முன்னாலா பின்னாலா என்பார். கீமோ டாக்டர், தேவையா என்பார். பிளாஸ்டிக் சர்ஜன், எடுத்த பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது என்பார். இவர்களில் யார் ஒருவர் முடிவு மாறினாலும் மற்றவர் வேலை மாறிவிடும். ரேடியேஷன் முன்னால் என்றால் காயம் ஆறுவது மெதுவாகும், அப்போது பிளாஸ்டிக் சர்ஜன் முதலிலேயே வர வேண்டும். வகை மிக்ஸாய்டு லைப்போசார்கோமா என்று நான் சொன்னால், ரேடியாலஜிஸ்ட் நுரையீரலோடு முதுகெலும்பையும் படம் எடுக்கச் சொல்வார், ஏனென்றால் அது அங்கே போகிற பழக்கமுள்ளது. மற்ற பெரும்பாலான சார்கோமாக்கள் நுரையீரலுக்குத்தான் போகும். அதனால் அப்பச்சிக்கு நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் எடுப்பதுதான்.

இப்படிக் கூடிப் பேசுவதால் பலன் உண்டா என்று பிரான்ஸில் பார்த்திருக்கிறார்கள். 12,000க்கும் மேற்பட்ட சார்கோமா நோயாளிகள், 2017இல் வெளிவந்த ஆய்வு. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கூட்டத்தில் வைத்துப் பேசப்பட்டவர்களுக்குக் கட்டி முழுசாக வெளியே வந்தது அதிகம், மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது குறைவு, நோய் திரும்பியதும் குறைவு. இத்தனைக்கும் அவர்களுக்கு வந்த கட்டிகள் சராசரியாக மோசமானவை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது "முன்பே" என்பது. ஆபரேஷன் முடித்துவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு டியூமர் போர்டுக்கு வருகிறவர்கள் நிறைய. அப்போது எங்களிடம் பேச மிஞ்சியிருப்பது, ஆனதை எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும்தான்.

காலை எடுப்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். 1982இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு ஒரு சோதனை வெளியிட்டது. மொத்தம் 43 பேர்தான். ஒரு பகுதியினருக்குக் காலையோ கையையோ எடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கட்டியை மட்டும் அகலமாக எடுத்து ரேடியேஷன் கொடுத்தார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு உலகமே மாறிவிட்டது. இன்று அனுபவமுள்ள இடங்களில் 100க்கு 90 பேருக்கு மேல் காலோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். தொடையின் முன்பக்கம் என்பதால் முழங்காலை நீட்டுகிற தசையில் ஒரு பங்கு போகலாம், படியேறுவது கொஞ்ச காலம் கஷ்டமாக இருக்கலாம். பெரிய ரத்தக்குழாயைக் கட்டி சுற்றியிருந்தால்கூட அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்துத் தைக்க முடியும். சில நேரம், நரம்பும் குழாயும் எலும்பும் எல்லாமே போயிருந்தால், காலை எடுப்பதுதான் நல்லது என்று அவர்களே சொல்வார்கள். அப்படிச் சொல்வது கைவிடுவதற்கு அல்ல.

அப்புறம் ரேடியேஷன். ஆழமான, பெரிய, வீரியம் கூடிய கட்டி என்றால் ரேடியேஷன் சேர்ப்பது வழக்கம். முன்னால் கொடுத்தால் 50 கிரே (கதிரின் அளவு), 25 தவணை, வாரம் ஐந்து நாள் வீதம் 5 வாரம். பின்னால் என்றால் 60 முதல் 66 கிரே. எது நல்லது என்று கனடாவில் பார்த்தார்கள், 2002இல் முடிவு வந்தது. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. முன்னால் கொடுத்தவர்களில் 100க்கு 35 பேருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல், பின்னால் கொடுத்தவர்களில் 17 பேருக்கு. ஆனால் வருடங்கள் போகப் போக, பின்னால் வாங்கியவர்களுக்குத்தான் கால் இறுகி மடக்க முடியாமல் போவது அதிகம், ஏனென்றால் அளவும் கூடுதல், படுகிற இடமும் அகலம். காயச் சிக்கல் சில மாதத்தில் தீரும், இறுகிப்போன கால் தீராது. அதனால் என் ஓட்டு முன்னால் கொடுப்பதற்குத்தான். ஆனால் அப்பச்சிக்குச் சர்க்கரை இருக்கிறதே, காயம் ஆறுவதில் அது குறுக்கே வரும். இப்போதிருந்தே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சுருட்டுப் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். டியூமர் போர்டில் யாரும் இதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் காயம் ஆறுவதற்கு இவை இரண்டும் மருந்துக்குச் சமம்.

வகை வேறாக இருந்தால் இந்தப் பேச்சே மாறும். ரொம்ப மெதுவாக வளர்கிற, வீரியம் குறைந்த கொழுப்புச் சார்கோமா என்று வந்தால் ஆபரேஷனோடு முடிந்துவிடலாம். வயிற்றுக்குள் பின்புறம் வருகிற சார்கோமாவுக்கு இந்த ரேடியேஷன் கணக்குப் பொருந்தாது. இரைப்பையில் வருகிற ஜிஸ்ட் என்ற வகைக்குக் கீமோவும் வேண்டாம், ரேடியேஷனும் வேண்டாம். ஆபரேஷனும் இமாட்டினிப் என்ற மாத்திரையும்தான்.

உங்கள் சொந்தக்காரப் பையன் விஷயம். முழங்கால் எலும்பில், அந்த வயதில் வருவது பெரும்பாலும் ஆஸ்டியோசார்கோமா. அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்கள் நோய் கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்குப் போயிருக்கும். கீமோ வருவதற்கு முன்பு, 1970கள் வரை, காலை எடுத்த பிறகும் 100க்கு 80 பேர் நுரையீரலில் பரவி இறந்துபோனார்கள். கீமோ வந்த பிறகு, பரவாத நிலையில் வந்தவர்களில் 60 முதல் 70 பேர் பிழைக்கிறார்கள். அதனால் அங்கே கீமோ முதலில். எடுத்த எலும்பை நான் அறுத்துப் பார்த்து, கட்டியில் 100க்கு 90 பங்குக்கு மேல் செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். ரேடியேஷனுக்கு அந்த நோய் அவ்வளவாக மசியாது. பெரியவர்களுக்குச் சதையில் வருகிற சார்கோமாவில் கீமோவின் பலன் இத்தனை தெளிவாக இல்லை. சில வகைகளுக்கு, வீரியம் மிகுந்து கட்டியும் பெரிதாக இருந்தால், டாக்ஸோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைடு என்ற மருந்துகளைப் பேசுவார்கள். முதலாவது இதயத்தைத் தாக்கும், அதனால் முன்கூட்டியே எக்கோ என்ற இதய ஸ்கேன். இரண்டாவது மூத்திரப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஊரில் யாராவது பாதரசம், பாஷாணம் சேர்ந்த பற்பம், செந்தூரம் வாங்கிக் கொடுத்தால் அந்த நேரத்தில் வேண்டாம். சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் இடி விழும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அந்தப் பையன் மாதிரி இன்னும் பல பிள்ளைகள் நம் பக்கத்தில் தாமதமாகத்தான் வருகிறார்கள். பந்து விளையாடியதில் அடி என்று நினைத்து, எண்ணெய் போட்டு உருவி, கட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு மூன்று மாதம் போய்விடுகிறது. எலும்பு முறிவுக்கு அவரிடம் போவது வேறு கதை. வளர்கிற பிள்ளைக்கு முழங்காலுக்குப் பக்கத்தில், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உருவுவது மட்டும் கூடவே கூடாது. வாலிபப் பையன் என்றால் கீமோ தொடங்கும் முன் விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெற்றவர்கள் கூச்சத்தில் கேட்பதில்லை, டாக்டர்கள் அவசரத்தில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அவனுக்குப் பெண் பார்க்கும்போது இது பெரிய விஷயமாகிவிடும். எலும்பை எடுத்துவிட்டு வைக்கிற நீண்ட உலோக மூட்டு வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை எட்டாது. உள்நாட்டிலேயே செய்து வைக்கிற பழக்கத்தைச் சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் போன்றவர்கள் வளர்த்ததால்தான் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கிறது.

எங்கே போவது? தனிப்பட்ட முறையில் ஒரு ஆஸ்பத்திரியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மதுரையிலேயே சார்கோமா பார்த்துப் பழகிய குழு இருந்தால் அங்கேயே போதும். சென்னை அடையாறு, வேலூர், புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா எல்லாம் இதற்குப் பேர்போன இடங்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர், சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எங்கே போனாலும் கேட்க வேண்டியது இதுதான்: சார்கோமாவை இங்கே அடிக்கடி பார்க்கிறீர்களா, கூட்டம் போட்டுப் பேசுவீர்களா, அந்த முடிவை எழுத்தில் கொடுப்பீர்களா? எழுத்தில் இருந்தால், ஆபரேஷன் சென்னையில், ரேடியேஷன் மதுரையில் என்று பிரித்துக்கொள்ளலாம். 25 நாள் ரேடியேஷனுக்குத் தினமும் தேவகோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்வருவது அந்த உடம்புக்கு அதிகம். ஒரு அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். சனி, ஞாயிறு வீட்டுக்கு வரலாம்.

பணம் பற்றியும் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது, நமக்கெல்லாம் கிடைக்குமா என்று கூச்சப்படுகிற குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது, கையில் வருகிற வருமானம் என்ன என்பதுதான் கேள்வி. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி வையுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவம் தருவார்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் பகலெல்லாம் உட்கார்ந்து போவதைவிட, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ராத்திரி வண்டியில் போவது அப்பச்சிக்கு வசதி.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு வருவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். இந்த இடத்தில் பிசியோதெரபிஸ்டை ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பட்டணத்து ஃபிளாட்டை மனதில் வைத்துத்தான் பயிற்சி சொல்லிக் கொடுப்பார். நம் வீடு அப்படியா? தெருவிலிருந்து திண்ணைக்கு உயரமான படி, ஒவ்வொரு கட்டுக்கும் நிலைப்படி, வளவில் இறங்கி ஏற வேண்டும், கழிவறை கடைசிக் கட்டைத் தாண்டிப் பின்னால். ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும். முழங்காலை நீட்டுகிற பலம் குறைந்த காலுக்கு இவை எல்லாமே ஆபத்து. வீட்டை மொபைலில் வீடியோ எடுத்து அவரிடம் காட்டுங்கள். முகப்புப் பக்கம் ஓர் அறையில் கட்டில் போட்டு, பக்கத்திலேயே உட்காருகிற கமோடுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் அத்தனை பெரிய வீட்டில் என்றால், முதல் ஒரு மாதத்துக்கு ராத்திரி துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

பிறகு பல வருடத்துக்குச் செக்கப் உண்டு. முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை காலையும் நெஞ்சையும் பார்ப்பார்கள், அப்புறம் ஆறு மாதம், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை. நுரையீரலில் ஒன்றிரண்டு புள்ளி பிறகு வந்தால்கூட எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. அதை வெட்டி எடுத்து நன்றாக இருக்கிறவர்கள் உண்டு. அதற்குச் செக்கப்பைத் தவறவிடாமல் இருக்க வேண்டும்.

சாந்திக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்காதீர்கள். ஜென்ம நட்சத்திரத்தை மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும், அதனால் நாளை மாற்றச் சொல்லவில்லை. இப்போது ஆவணி. பயாப்சி, ரிப்போர்ட், கூட்டம் என்று புரட்டாசி நடுவரை போகும். ரேடியேஷன் முன்னால் என்று முடிவானால் ஐப்பசிக் கடைசியில் முடியும். அதற்குப் பிறகு தோல் தணிவதற்கு 4 முதல் 6 வாரம் விட்டுத்தான் ஆபரேஷன் வைப்பார்கள், கார்த்திகைக் கடைசி அல்லது மார்கழி. ஆக, தையில் அப்பச்சி வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருப்பார். அந்தத் தேதியை முதல் நாளே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். சாந்தியைக் கோயிலில் வைக்காமல் வீட்டிலேயே சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள், மணையில் உட்காருவதற்குப் பதில் நாற்காலி போடுங்கள். கலச நீர் ஊற்றும்போது தொடைக் காயம் நனையக் கூடாது. தையல் பிரித்துக் காயம் முழுதாக மூடியிருந்தால் ஊற்றலாம். இல்லாவிட்டால் தலையில் தெளித்தால் போதும் என்று ஐயரிடமும் பங்காளிகளிடமும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.